ஒரே ஒரு செடிக்கு ஒரு மனு

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்குக் கைவிலங்கு மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. அதனால்தான் இந்த வாரமும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

குற்றம்? கஞ்சா வளர்ப்பு. நான் வெறும் உடந்தைதான். முதல் குற்றவாளி என் நண்பர் வரதன். சின்னக் காஞ்சிபுரத்தில் வீடு, நெற்றியில் திருமண், தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆளே இல்லாத தெருவில் சைக்கிள் திரும்பும்போதுகூடக் கையை நீட்டிக் காட்டுகிறவர்.

வரதனுக்குக் குடலில் கேன்சர். சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு கீமோ. வியாதியை விட வைத்தியம்தான் மனுஷரை உரித்து எடுத்தது. கோவில் இட்லி நாலு சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதை ஓரக்கண்ணால் பார்க்கிற ஆள்... இப்போது அரை இட்லி உள்ளே போனால் வாந்தி. எடை இப்படியே இறங்கினால் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரதன் கட்டிலை விட்டு எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அப்போதுதான் கனடாவிலிருந்து அவருடைய மகன் ஈமெயில் அனுப்பினான். ப்ரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கஞ்சா வாந்தியை அடக்கிப் பசியைக் கிளப்புகிறது என்று அங்கே சொல்கிறார்களாம். டாக்டர் கையெழுத்துப் போட்டால், நோயாளி வீட்டிலேயே செடி வளர்க்க அரசாங்கம் லைசென்ஸ் தருகிறதாம். கூடவே இலையின் படம் — விரல்களை விரித்த கை மாதிரி.

படித்ததும் வரதன் எழுந்து உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் முதல் முறை. காரணம் கஞ்சா என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. 'லைசென்ஸ்' என்ற சொல்.

தெரிந்த வக்கீலிடமிருந்து சட்டப் புத்தகம் வாங்கிவரச் சொன்னார். நம் ஊரில் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம், பத்து வருஷம் வரை உள்ளே போகலாம் என்று தெளிவாக இருந்தது. ஆனால் அதே சட்டத்தில், மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அரசாங்கம் அனுமதி கொடுத்தால் விதிவிலக்கு என்றும் ஒரு வரி! வரதன் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். இரவல் புத்தகத்தில்.

"கதவு இருக்கு ஓய். யாரும் தட்டிப் பார்க்கலை, அவ்வளவுதான்."

கதவு சரி. சாவி எந்த ஆபீஸில்? வக்கீலைக் கேட்டேன். ஒரு தனி நோயாளிக்கு அப்படிக் கொடுத்து அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். அடிக்கோட்டைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

விதை காசியிலிருந்து வந்தது. யாத்திரை போயிருந்த மைத்துனர், கங்கைச் சொம்போடு ஒரு காகிதப் பொட்டலமும் கொண்டுவந்தார். வரதனின் மனைவி வைதேகி மாமி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தானே தொட்டியில் போடுவதாகச் சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். துளசி மாடத்திலிருந்து நாலடி தள்ளி ஒரு சிமெண்ட் தொட்டி.

ஐந்தாம் நாள் முளை விட்டது. அன்றிலிருந்து வரதன் ஆளே வேறு. காலையில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்து, சொம்பால் தண்ணீர் ஊற்றி, இலையையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எனக்குப் போன் போடுவார். மூன்று விரல் விட்டிருக்கிறது... ஐந்து விரல் ஆகிவிட்டது... பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓர் இலையைக்கூடக் கிள்ள மாட்டாராம்.

ஆறு வாரம் கழித்துத்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஊரில் வேறு யாராக இருந்தாலும் செடியை ஒளித்து வைப்பார்கள். இவர் கலெக்டருக்கு மனு எழுதினார். பொருள்: ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்க்க அனுமதி கோருதல். 'மேற்படி செடி இன்றைய தேதியில் ஒன்றரை அடி உயரத்தில் நல்ல நிலையில் உள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' இணைப்பு: கொல்லைக்கு வழி காட்டும் வரைபடம். சாட்சி: அடியேன். என் வீட்டுக் கதவு இலக்கத்தோடு.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய பிறகுதான் மனுவின் நகலை எனக்குக் கொடுத்தார். அனுமதி வருவதற்கு முன்னால் வளர்த்ததே குற்றமாயிற்றே என்று அலறினேன்.

"தெரிவிக்காம வளர்த்தாத்தான் ஓய் குற்றம். தெரிவிச்சுட்டா அது ஃபைல்."

அதற்கப்புறம் தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே நான் பாத்ரூமில்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தே விட்டது. அவர் வீட்டுக்கு, நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து. இளவயது சப்-இன்ஸ்பெக்டர், கையில் மனு, பின்னால் ஒரு கான்ஸ்டபிள். வாசலில் கருடசேவைக்குக் கூடுகிற மாதிரிக் கூட்டம். வரதன் வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆவணங்கள் தயாராக இருப்பதாகச் சொல்லி ஃபைலை நீட்டினார். வரைபடம் உதவியிருக்க வேண்டும், நேராகக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். கான்ஸ்டபிள் செடியைப் பிடுங்கக் குனிந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு சரோஜம்மா வந்தார். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"இன்னாத்துக்குப்பா இவ்ளோ போலீஸு? கோங்கூராவுக்கா?"

சப்-இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை.

"புளிச்சகீரைப்பா. முத்திப் போவுது பாரு. பறிக்காம வேடிக்கை பாத்துக்கினு இருக்காங்க."

சப்-இன்ஸ்பெக்டர் ஓர் இலையைக் கிள்ளி மோந்தார். ஓரத்தைக் கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அடுத்த நிமிஷம் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... கான்ஸ்டபிள் சிரித்தார், தெருவே சிரித்தது. நான் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

போகும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. வரதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நெஜமா இருந்திருந்தா எனக்கு வேற வழியே இல்ல சார். உங்கள இட்டுக்கினுதான் போயிருப்பேன்."

ஜீப் போயிற்று. வரதனின் முகம் விழுந்துவிட்டது. ஆறு வாரம் நம்பிய செடி அல்லவா? மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாமி ஒப்புக்கொண்டார். காசிப் பொட்டலத்தை அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாராம். சரோஜம்மாவிடம் ஏதோ ஒரு விதை வாங்கிப் போட்டாராம். அது இப்படி விரல் விரலாக விடும் என்று அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

மனு எழுதியபோதாவது சொல்லியிருக்கலாமே என்றார் வரதன்.

"சொன்னா திரும்பவும் சுவரைப் பார்த்துண்டு படுத்துடுவேளோன்னு பயமா இருந்தது." என்றார் மாமி.

சரோஜம்மா மொத்த இலையையும் முந்தானையில் பறித்துக்கொண்டு போனார்.

அரை மணியில் துவையல் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். காய்ந்த மிளகாய், நல்லெண்ணெய், தாராளமாகப் பூண்டு. வாசனை வந்ததும் மாமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். தலைமுறை தலைமுறையாகப் பூண்டு நுழையாத வீடு அது. கணவர் முகத்தைப் பார்த்தார். வரதன் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"கஞ்சாவுக்கு இடம் குடுத்தோம். பூண்டு என்ன பாவம் பண்ணித்து? சாதம் போடு வைதேகி."

சூடான சாதம், துவையல், ஒரு உருண்டை. காத்திருந்தோம். இன்னொரு உருண்டை. அந்தப் புளிப்பு செத்துப்போன நாக்கைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டும். வாந்தி வரவில்லை. மறுபடி சாதம் கேட்டார். மாமி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். மறைக்க என்ன இருக்கிறது?

வரதனுக்குக் கீரை போதுமாக இருந்தது. எல்லா நோயாளிக்கும் அப்படி அமையுமா? அவர் தட்டிய கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க, நாட்டில் ஒரு ரிட்டயர்டு ஹெட் கிளார்க்தான் கிடைத்தாரா?

நேற்று எடை பார்த்தார்கள். அரைக் கிலோ ஏறியிருக்கிறது. அடுத்த ஊசிக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

வரதன் கலெக்டருக்கு இரண்டாவது மனுவும் அனுப்பிவிட்டார். 'முந்தைய மனுவில் கஞ்சா என்று வருமிடமெல்லாம் புளிச்சகீரை என்று திருத்தி வாசிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பூண்டைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இல்லை. நீங்களும் வெளியே சொல்லாதீர்கள்.