பழனியம்மாள் கொல்லையில் விழாத விண்கல்

1. எல்லோர் ஊருக்கும் பக்கத்தில்

நான் ஒரு நாளிதழின் புதுக்கோட்டை மாவட்ட நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். அறிவியல் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சம் அறிவியலும் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் கற்றதுதான்.

வேலையில் இருந்த காலத்தில், ஒரு புரட்டாசி மாலை, சூரியன் மறைந்த சற்று நேரத்தில் என் செல்போன் விடாமல் அடித்தது. வானத்தில் பச்சை கலந்த வெளிச்சம் ஒன்று ஓடி மறைந்ததாம். "பஸ் ஸ்டாண்டுக்கு மேக்க விழுந்துச்சு சார்" என்றார் அறந்தாங்கிக்காரர் ஒருவர். "கடலுக்குள்ள விழுந்துச்சு, கண்ணால பார்த்தேன்" என்றார் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர். அன்னவாசலில் இருந்த எங்கள் பத்திரிகை முகவர், "நம்ம கொளத்துக்கு அங்கிட்டுதாங்க" என்றார்.

மூன்றும் மாவட்டத்தின் வெவ்வேறு மூலைகள், இடையே பல பத்துக் கிலோமீட்டர் தூரம். மூன்று பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் காலை முகவர் மீண்டும் அழைத்தார். "கல்லு கெடைச்சிருச்சு சார். பழனியம்மா கொல்லையில கெடக்கு. உடனே வாங்க."

2. கயிறு கட்டிய கடலை

பழனியம்மாளின் கொல்லையில், அந்தப் புன்செய்க் காட்டில், நிலக்கடலை முற்றி நின்றது. அதைச் சுற்றி நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே, நெல் அளக்கும் மரக்கால் அளவில் ஒரு கறுப்புக் கல் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. நான் போவதற்குள் யாரோ அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். கயிற்றுக்கு வெளியே கூட்டம். கடலை பிடுங்க வந்த பெண்கள் தூக்குவாளிகளோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

பழனியம்மாள் வி.ஏ.ஓ.விடம் மல்லுக்கு நின்றார்.

"மழை பெஞ்சு மூணு நாளாச்சுங்க. ஈரம் காயிறதுக்குள்ள புடுங்கணும். காஞ்சுட்டா செடி மட்டுந்தான் கையோட வரும், காயி மண்ணுக்குள்ளயே தங்கிரும்."

"நான் என்னத்தா செய்ய? மேல இருந்து ஆளு வந்து பாக்குற வரைக்கும் யாரையும் விடக் கூடாதுன்னு தாலுகா ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"ஒரு வாரத்துல வந்துருவாங்க."

"வானத்துல இருந்து கல்லே ஒரு நிமிஷத்துல வந்துருச்சுங்கிறீங்க. ஆபீசர் வர ஒரு வாரமா?"

வரப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பழனியம்மாள் சிரிக்கவில்லை. அந்த வருஷம் அவருக்கு இருந்த ஒரே வெள்ளாமை அது.

பக்கத்து உயர்நிலைப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஜெயந்தி ஒரு காந்தத்துடன் வந்தார். வி.ஏ.ஓ. கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, உள்ளே போய்க் கல்லில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது.

"இதுல இரும்பு இருக்குன்னுதான் அர்த்தம்" என்றார் டீச்சர். "எங்க இருந்து வந்துச்சுன்னு காந்தம் சொல்லாது."

முந்தின மாலை வந்த மூன்று அழைப்புகளைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"அந்த வெளிச்சம் பல கிலோமீட்டர் ஒசரத்துலயே அணைஞ்சு போயிரும் சார். தொலைவுல போகப் போக அடிவானத்துல எறங்குற மாதிரி தெரியும். பனைமரத்துக்குப் பின்னாடி மறைஞ்சா, பனைமரத்துக்குப் பக்கத்துலயே விழுந்துச்சுன்னு நெனைச்சுக்குவோம். பஸ்ஸுல போனா நிலா கூடவே வருது. அது நம்ம பஸ்ஸுக்கு மட்டுமா வருது?"

3. ஒரு தேங்காய்

பழனியம்மாளின் பங்காளி சின்னையா தேங்காயும் சூடமுமாகக் கயிற்றுக்கு அடியில் நுழைந்தார்.

"யோவ், வெளிய வாய்யா!" என்று கத்தினார் வி.ஏ.ஓ.

"சாமி இம்புட்டுத் தூரம் வந்திருக்கு. வெறுங்கையோட பாக்குறதா?" என்றபடி சின்னையா கல்லின் மேல் ஓங்கி அடித்தார். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. கல்லின் ஒரு முனையும் பெயர்ந்து விழுந்தது.

"அரசாங்கச் சொத்துய்யா!" வி.ஏ.ஓ. தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். உடைந்த பக்கம் முழுக்க ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோலக் குட்டிக் குட்டி ஓட்டைகள்.

"இது விண்கல் இல்லைங்க" என்றார். விழும்போது விண்கல்லின் மேல்தோல்தான் உருகும், உள்ளே அப்படியே இருக்கும், அதனால் பொதுவாக இப்படிக் குமிழி ஓட்டைகள் இருக்காது என்று விளக்கினார். இது முழுவதும் குழம்பாகக் கொதித்து ஆறியது.

துண்டின் படத்தை வி.ஏ.ஓ. வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் புவியியல் அதிகாரி ஒருவர் அழைத்தார். விண்கல் இல்லை, ஆள் வரத் தேவையில்லை என்றார். கயிறு அவிழ்ந்தது. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள்.

அப்போதுதான் டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சார், இது இரும்புக் கசடு. கல்லை உருக்கி இரும்பு எடுத்தா மிஞ்சுறது. பழைய காலத்துல இங்க உலை இருந்திருக்கணும். மழையில மண்ணு அரிச்சு இப்ப வெளிய தெரிஞ்சிருக்கு. தொல்லியல் துறைக்குச் சொல்லணும்."

பழனியம்மாள் காதில் அது விழுந்துவிட்டது.

"அது வேற ஆபீஸா? அவங்களும் கயிறு கொண்டாருவாங்களா?"

டீச்சர் துண்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் நோட்டை மூடினேன்.

4. இரண்டு நாள் காத்திருந்த செய்தி

கொல்லையில் கிடந்தது விண்கல் அல்ல, ஏன் அல்ல என்று மட்டும் அன்று எழுதி அனுப்பினேன். தலைமை நிருபர் போனில் பிடித்துக்கொண்டார்.

"விண்கல் இல்லைன்னா வேற என்னய்யா அது? அதுதானே நியூஸ்?"

"தெரியும் சார். ரெண்டு நாள் கழிச்சுத் தர்றேன். பல தலைமுறையா அங்கேயே கெடந்தது, ஓடிப்போயிராது."

"வேற பேப்பர்ல வந்துட்டா?"

"வந்தா வரட்டும் சார்."

அவர் போனை வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

கடலை முழுவதும் பிடுங்கி முடித்த மாலை, டீச்சரோடு போனேன். கொல்லை வெறிச்சோடிக் கிடந்தது. குவித்திருந்த செடிகளில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பிடுங்கிய இடமெல்லாம் மண் புரண்டிருந்தது. அதில் கறுப்புத் துண்டுகள். நூற்றுக்கணக்கில். சிலவற்றோடு சுட்ட மண் குழாயின் உடைசல்களும் கிடந்தன. உலைக்குக் காற்று ஊதும் குழாய் என்றார் டீச்சர். நிதானமாக ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். ஒரே ஒரு கல்லை வைத்து முதல் நாள் எழுதியிருந்தால் அரைப் பத்தி தேறியிருக்கும்.

பழனியம்மாள் தானாகவே டீச்சரிடம் வந்தார்.

"இப்பச் சொல்லுங்க டீச்சர், அந்த ஆபீசுக்கு. அடுத்த வெதைப்பு வரைக்கும் கொல்லை சும்மாதான் கெடக்கும். வரட்டும், நானே காட்டுறேன்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். வானத்திலிருந்து விழுந்தது என்றால், மேலே பார்ப்பதற்கு முன் அது கிடக்கும் மண்ணைப் பாருங்கள். அந்த மண்ணில் யாருடைய வெள்ளாமை நிற்கிறது என்றும் கேளுங்கள்.