முதல் வீட்டுப் பிரஷர்

பிரஷர் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று கோயிலில் சாப்பாட்டுக்குக் காத்து நிற்கும்போது வரிசையாகச் சொல்வார்களே, அந்தப் பிரஷர். லண்டனில் குழாய் வேலை செய்து செய்து, பிரஷர் என்றால் தண்ணீரின் அழுத்தம் என்றாகி, எனக்கு அது மறந்துபோயிற்று. அந்த மறதியால் ஒரு அம்மா தன் குளியலறைத் தரையில் கிடந்தார். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் ஆட்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். முழுதாகச் சொன்னதில்லை.

நான் வேலை செய்வது தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் பார்க் ஹோம் வளவு ஒன்றில். தொழிற்சாலையில் செய்த வீடுகளை இரண்டு பாதியாக லொறியில் கொண்டுவந்து, கல் அடுக்கி, அதன்மேல் வைத்துப் பொருத்திவிடுவார்கள். மூன்று வரிசை வீடுகள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். தெருவிலிருந்து தண்ணீர் ஒரே குழாயில் வாசலுக்கு வந்து, முதல் வீட்டுக்குக் கொடுத்து, அப்படியே கடைசி வரிசைவரை போகிறது. புல் வெட்டுவதிலிருந்து குழாய் பார்ப்பதுவரை எல்லாம் நான்தான்.

அந்த முதல் வீட்டில் இருந்தது வளவின் ஒரே தமிழ்க் குடும்பம். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரும் அவர் மனைவியும், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். மகள் லண்டனின் மறுகோடியில், ஹரோவில். ஐயா கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். என்னைக் காணும்போதெல்லாம், "தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்பார். "பிறகு வாறன் ஐயா" என்பேன். உள்ளே போனால் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், ஆருடைய மகன் என்று தொடங்கி மத்தியானமாகிவிடும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. என் குணம் அப்படி, மறைத்து என்ன பயன்.

ஒரு கோடையில் கடைசி வரிசையிலிருந்து முறைப்பாடுகள் வரத் தொடங்கின. காலையில் ஷவர் நூல்போல வருகிறது, தலையில் போட்ட ஷாம்புவைக் கழுவ முடியவில்லை, கெட்டில் நிறைவதற்குள் பேப்பரே வாசித்துவிடலாம். எல்லாம் என் போனில் குரல் செய்தியாக வந்து விழும். அவற்றுக்கு நடுவே ஐயாவின் குரலும் வந்தது.

"தம்பி, ரெண்டு மூண்டு நாளாய்க் காலமையில பிரஷர் நல்லாக் குறையுது. பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஏலுமெண்டால் ஒருக்கா வந்து பாருங்கோ."

ஐயா சொன்னது மனைவியின் இரத்த அழுத்தத்தை. எழும்பியதும் அவவுக்குத் தலை சுற்றுகிறது, பக்கத்தில் வேறு தமிழ் ஆள் இல்லை, அதனால் என்னைக் கூப்பிட்டார். நான் அதையும் தண்ணீர் முறைப்பாட்டுப் பட்டியலில் எழுதிக்கொண்டேன். கடைசி வரிசையில் தண்ணீர் குறைந்தால் வளவுக்குள் எங்கோ கோளாறு. தெருவோடு ஒட்டிய முதல் வீட்டிலேயே குறைந்தால் கோளாறு வெளியே, தெருக்குழாயில். ஐயாவின் ஒரு வாக்கியம் என் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது.

அடுத்த நாள் காலை அவர் வீட்டுச் சுவரோடு இருக்கும் வெளிப் பைப்பில் தண்ணீர்ப் பிரஷர் அளக்கும் மீற்றரைப் பூட்டிப் பார்த்தேன். மூன்று பார் காட்டியது. நல்ல பிரஷர். மணி அடித்தால் தேத்தண்ணியில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, "பிரஷர் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது" என்று இங்கிலீஷில் ஒரு துண்டு எழுதிக் கதவு ஓட்டைக்குள் போட்டுவிட்டு நடந்தேன். அதை வாசித்த ஐயா என்ன நினைத்திருப்பார் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் மறுபடியும் செய்தி. "தம்பி, சரியெண்டு எழுதிப் போட்டிருந்தியள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இண்டைக்குக் காலமையும் குறைஞ்சுதான் கிடக்கு. மிசினில பாத்தனான்."

அவர் சொன்னது கையில் கட்டிப் பார்க்கும் மிசின். எனக்கு மிசின் என்றால் உடுப்புத் தோய்க்கும் மிசின். தண்ணீர் நிரம்ப நேரம் எடுக்கிறதாக்கும் என்று நினைத்தேன். ஆனால் மீற்றர் மூன்றில் நிற்கிறதே. மூன்று இருந்தால் மிசின் ஏன் நிரம்பாது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. தண்ணீர்க் கம்பனியைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து பார்த்து, தெருவில் குறை ஒன்றும் இல்லை, உள்ளே தேடு என்றார்கள். நான் நம்பவில்லை. பெரிய மனிதர் ஒருவர் தமிழில் சொல்கிறார், பொய்யா சொல்வார் என்று அவர்களோடு வாக்குவாதப்பட்டேன். ஒரு வாரம் இப்படியே போயிற்று. கடைசி வரிசைக்காரர் என்னைக் கண்டால் காலை வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலை, எட்டு மணி இருக்கும், மீண்டும் அந்த வெளிப் பைப்பில் மீற்றரோடு குந்தியிருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் ஐயா. வாய் அசைகிறது, இரட்டைக் கண்ணாடியில் சத்தம் வெளியே வரவில்லை. கையை வீட்டின் உட்பக்கம் காட்டுகிறார், திரும்பத் திரும்பக் காட்டுகிறார். உள்ளே இருக்கும் பைப்பையும் பார் என்கிறார் என்று நினைத்தேன். மீற்றர் வழக்கம்போல மூன்று. எனக்கு எரிச்சல். எல்லாம் சரி என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். ஐயா தலையாட்டிவிட்டு ஜன்னலை விட்டுப் போனார். நான் கடைசி வரிசைக்கு நடந்தேன்.

அரை மணித்தியாலம் கழித்து அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. முதல் வீட்டு வாசலில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மாவைக் குளியலறையிலிருந்து தூக்கி வருகிறார்கள். முகத்தில் இரத்தமே இல்லை. வழக்கமாகக் காலையில் போன் எடுக்கும் மகள்தான் விஷயம் கேட்டு ஹரோவிலிருந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாளாம். அம்மாவின் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்த அம்புலன்ஸ்காரப் பெண், பிரஷர் மிகவும் குறைந்திருக்கிறது என்றாள். நான் என் கையிலிருந்த மீற்றரைப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

முதல் வீட்டைப் பட்டியலிலிருந்து வெட்டியதும் தண்ணீர்ப் பிரச்சினை குழந்தைப் பிள்ளைக்கும் விளங்குவதுபோல ஆயிற்று. இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவே, சரளைக் கல்லுக்குக் கீழே ஒரு வால்வு. புதிய வீடு ஒன்றை இறக்க வந்தவர்கள் அதைப் பூட்டிவிட்டுத் திரும்பப் பாதிதான் திறந்திருக்கிறார்கள். அந்தப் பாதித் தண்ணீர், எல்லாரும் குளிக்கும் காலை நேரத்துக்குப் போதவில்லை. முழுதாகத் திறக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கடைசி வரிசைக்காரர் ஒரு கேக் கொண்டுவந்து தந்தார்கள். நான் பெட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா வீடு வந்தார். எலும்பு முறியவில்லை. பிரஷருக்கென்று அவர் போட்டுவந்த குளிசையை வைத்தியர் பாதியாகக் குறைத்திருந்தார். நான் முதல் தடவையாக அந்த வீட்டு மணியை அடித்தேன். தேத்தண்ணி வந்தது. வால்வு, மீற்றர், மிசின் எல்லாவற்றையும் ஒப்புவித்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றேன். அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐயா சிரிக்கவில்லை. "அண்டைக்கு நீங்கள் பெருவிரலைக் காட்டினனீங்கள் எல்லே?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கோ எண்டு நான் கத்தினது கேட்டு, நீங்கள் அடிச்சிட்டியள் எண்டு நினைச்சன். அதுதான் நான் அடிக்கேல்லை. முன் கதவைத் திறந்து வைச்சிட்டு, அவவுக்குப் பக்கத்தில இருந்து, தம்பி சொல்லிப்போட்டார், இப்ப வந்திடுவினம், இப்ப வந்திடுவினம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."