தாணுமாலையனின் முகச்சுளிப்பு

மாதேவன் பிள்ளை தாணுமாலையன் (1951–2024) ஆரியசாலைச் சந்தையில் நாற்பதாண்டுகள் அரிசித் தரகராக இருந்தார். அரிசி மோசமென்றால், "நல்ல அரிசியாக்கும்" என்று பாராட்டி, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். நன்றாக இருந்தால் முகஞ்சுளிப்பார். மிக நன்றாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அவர் மூன்றாவது கடையைக் கடப்பதற்குள் விற்பவர் ஓடிவந்து கூப்பிட வேண்டும். அங்கே அதுவே பேரம் பேசும் முறை.

2018 பிப்ரவரி 11 அன்று, மகள் ஆர்யா விரும்பிய பிரணவைப் பார்க்க, மனைவி சரஸ்வதியம்மாளுடன் வட்டியூர்க்காவிலுள்ள அவன் வீட்டுக்குச் சென்றார். பெங்களூரில் வேலையிலிருந்த ஆர்யா, இந்த வரன் தவறினால் வேறெவரையும் மணப்பதில்லையென்று முன்னரே அறிவித்திருந்தாள். பிரணவின் தாயார் செல்லபாய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பாலடைப் பாயசம் கொடுத்து, "எப்பிடி இருக்கு அண்ணாச்சி?" என்றார். பாயசம் அபாரம். தாணுமாலையன் முகஞ்சுளித்தார். பிரணவுடன் கால்மணி நேரம் பேசினார். எழுந்தார், செருப்பை மாட்டினார், வெளியேறினார்.

யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே நின்றார்.

"அவியளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு மைனி. அதான் எறங்கிப் போறாவ" என்றார் வீட்டிலேயே இருந்துவிட்ட சரஸ்வதியம்மாள்.

"நல்ல பிடித்தம்! பிடிச்சிருந்தா வாயால சொல்லட்டு. இல்லேன்னா இது நடக்காது" என்றார் செல்லபாய்.

பிரணவ் ஸ்கூட்டரில் போய் அழைத்துவந்தான். கூப்பிட ஆள் வந்துவிட்ட மகிழ்ச்சியில் நுழைந்தவரிடம் மனைவி நிபந்தனையைக் காதோடு கூறினார். நாற்பதாண்டுகளில் முதன்முறையாக, நல்லதை நல்லதென்றே கூறலானார்.

"பையன் நல்ல பையன். பாயசமும் கொள்ளாம். ஒரு குறையும் இல்ல."

அந்நேரம் பார்த்து ஆர்யா தாயின் கைபேசியில் காணொளியில் அழைத்திருந்தாள்; பாராட்டு முழுதும் அவள் காதில் விழுந்தது. "அம்மா! அப்பா வேண்டாம்னு சொல்லியாச்சா?" என்று அழுதாள்.

"இல்ல மக்களே" என்று தாணுமாலையன் புன்னகைத்தார். அவள் இன்னும் பலமாக அழுதாள்.

வேறு வழியில்லை. கைபேசியை வாங்கி, பாகற்காயைக் கடித்தவர்போல் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடியே, செல்லபாயின் பாயசத்தை உரக்கப் புகழ்ந்தார். ஆர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணை நிறுத்துங்க. எனக்குத் தலை சுத்துது" என்று செல்லபாய் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

திருமணம் அவ்வாண்டு மே 20 அன்று நடந்தது. தாணுமாலையன் சம்பந்தி வீட்டில் கடைசியாக விருந்துண்டது 2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் பாயசத்துக்கு முகஞ்சுளித்தார்.