ஆவியை மட்டும் குடித்த மழைக்காலம்

நம் வீட்டில் சோற்றோடு டீ கிடையாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் போன பிறகுதான் தேயிலைக்கு அடுப்பில் தண்ணீர் ஏறும். "ஊரெல்லாம் குடிக்குது, நம்ம வீட்டுல மட்டும் என்னப்பா இப்படி ஒரு சட்டம்?" என்று நீங்கள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. அங்கங்கே தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். எனக்கு பாக்டரி மாடியில் பச்சைக் கொழுந்தை வாடப்போடும் வேலை. உங்கள் அம்மா காட்டில் கொழுந்து எடுத்தாள். மூத்தவன் அப்போது வயிற்றில் இருந்தான். லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மதினி. சொந்தம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மூத்த பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் மூடுபனிதான் வருகிறது. கதவைத் திறந்தால் அது கேட்காமலே உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்துகொள்ளும். காலையில் உங்கள் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவாள். முதலில் கால்கள் மறையும், பிறகு கூடை மறையும், கடைசியில் பேச்சுச் சத்தம் மட்டும் மிதந்து வரும். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று. வெள்ளைக்குள்ளிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நாலு எட்டு வைப்பாள், நிற்பாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரம் ஒருமுறை ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர்தான். டாக்டர் உங்கள் அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து, என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இந்த இடம் நல்லா செவந்து இருக்கணும். எப்படி இருக்கு?"

வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு மாதிரி இருந்தது.

"பிரசவத்துல ரத்தம் போகும். போறதுக்கு உடம்புல முதல்ல இருக்கணும், இல்லையா? இப்படியே இருந்தா இங்க வச்சுப் பார்க்க முடியாது. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும்."

கீழே போகிற மலைப் பாதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஜீப்பும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. பிரசவம் மழைக்காலத்தில்தான். அவர் சொல்லாமல் விட்ட மிச்சத்தை நானே கூட்டிப் படித்துக்கொண்டேன். உங்கள் அம்மா எனக்கு இல்லாமல் போகலாம்.

இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். கீரை, கேழ்வரகு, பயறு, கருப்பட்டி, கிடைத்தால் ஆட்டு ஈரல் என்று சிஸ்டர் விரல் விட்டுச் சொன்னார். குமுளிக்குப் போகிற ஆட்களிடம் சொல்லிவைத்தால், கம்பத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வந்த முருங்கைக்கீரை கிடைக்கும். பாதி வாடித்தான் வரும். வாடிய இலையோடுதானே எனக்கு வேலை, அதனால் அது ஒன்றும் தோன்றவில்லை. காலையில் சாப்பிட்டதும் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பேன். அதற்கு முன்னால் வாசல் வெளிச்சத்தில் இமையை இழுத்துப் பார்ப்பேன். "கண்ணாடி பார்க்க வேண்டிய ஆளு நானு. நீங்க என் கண்ணுல என்னத்தத் தேடுதீய?" என்பாள்.

தேடியது கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பார்த்தபோதும் அதே வெளுப்பு. சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோட்டயம் பக்கம். கோபம் வந்தால் தமிழ் பாதியில் மலையாளமாகிவிடும், மாத்திரை குளிகையாகிவிடும்.

"சத்யம் பறயணும். குளிகையெல்லாம் எவிட? தோட்டத்துல எறிஞ்சோ?"

"நான் ஏன் எறியுதேன் சிஸ்டர்? அவுகதான் தெனமும் கையில தாராக, கண்ணு முன்னாலதான் முழுங்குதேன்."

"முழுங்கினா ரத்தம் எங்க போச்சு?"

உங்கள் அம்மா அழுதுவிட்டாள். அவளைப் பொய் சொல்கிறாள் என்று சொன்னால் தாங்க மாட்டாள், இன்றைக்கும் அப்படித்தான். டாக்டர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தார்.

"அழாதம்மா. எதை வச்சு முழுங்குற?"

"கட்டன் வச்சுத்தான்."

"தண்ணி குடிக்கிறதில்லையா?"

"தண்ணியா?" என்றாள், மண்ணெண்ணெய் குடித்தாயா என்று கேட்டதுபோல.

பிள்ளைகளே, லயத்தில் பச்சைத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான். குழாயில் ஓடைத் தண்ணீர் வரும், மழை பெய்தால் அது கலங்கும். காய்ச்சித்தான் குடிக்கணும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். காய்ச்சுகிற தண்ணீரில் ஒரு பிடி தூளைப் போடாமல் இறக்க எங்களுக்குத் தெரியாது. எஸ்டேட் தருகிற தூள் அடுப்படியில் எப்போதும் இருக்கும். பால் இல்லாமல் அதைக் கொதிக்கவிட்டால் கட்டன். தாகத்துக்குக் கட்டன், சோற்றுக்குக் கட்டன், விக்கலுக்கும் கட்டன்.

டாக்டர் வெளியே வரிசையில் நின்ற பெண்களிடம் அதையே கேட்டார். எல்லோரும் கட்டன் என்றார்கள். அவர் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார், மெதுவாக மேஜையில் வைத்தார்.

"சாயாக் கறை துணியில பட்டா போகுதா? அந்தக் கறை வயித்துக்குள்ள போய் மாத்திரையில இருக்கற சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரத்தத்துல சேர விடாது. கீரைச் சத்தையும் அப்படித்தான். குடிக்க வேண்டாம்னு சொல்லல. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பக்கத்துல வேண்டாம். மாத்திரைய எலுமிச்சைத் தண்ணியில முழுங்கு."

சிஸ்டர் உங்கள் அம்மாவின் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

நினைத்த அளவு சுலபமாக இல்லை. அந்தக் குளிரில், ஆறிய தண்ணீரோடு சோறு இறங்காது. மதினி வாசலிலேயே நின்று சிரிப்பாள். "ஏ கொழுந்தனாரே, தேயிலக் காட்டுல இருந்துக்கிட்டு அந்தப் புள்ளய எலுமிச்சங்கா தின்னச் சொல்லுதீய. கொழுந்து கேட்டா கோவிச்சுக்கிடும்!"

"நீயும் ஒரு மாசம் விட்டுப் பாரு மதினி. மேட்டுல ஓடலாம்."

"எனக்கு ஓடி எங்க போவணும்? கங்காணி வீட்டுக்கா?"

நானும் சாப்பாட்டோடு குடிப்பதை நிறுத்தப் பார்த்தேன். உங்கள் அம்மா விடவில்லை. "நீங்க குடிங்க. நான் வாசம் பிடிச்சுக்கிடுதேன்" என்று என் கிளாஸ் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வாள். ஆவி அவள் முகத்தில் ஏறும். வாசல் வழியே பனி வரும். எது ஆவி, எது பனி என்று தெரியாத ஒரு வெள்ளைக்குள் அவள் கண்களை மூடிக்கொண்டு இருப்பாள். நான் கிளாஸை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். ஆறிய பிறகுதான் எனக்குக் கிடைக்கும். இன்றைக்கும் என் டீ அப்படி ஆறித்தான் இருக்க வேண்டும், கவனித்திருப்பீர்கள்.

நாட்கள் எப்படிப் போயின என்று தெரியாது. ஒரு நாள் மழை விட்ட காலையில் இமையை இழுத்துப் பார்த்தேன். கொய்யாப்பழத்தைப் பிளந்தால் உள்ளே லேசாக ஒரு சிவப்பு ஓடுமே, அது தெரிந்தது. வெளிச்சம் ஏமாற்றுகிறதோ என்று அவளை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய் மறுபடி பார்த்தேன். "என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு மேட்டில் ஏறும்போது பனிக்குள்ளிருந்து அவள் பேச்சு கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டே போனாள். அந்தத் திட்டு எனக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது.

ஆடி மழையில் பாதை அடைபட்டுத்தான் கிடந்தது. ஜீப் போகவில்லை. போகவும் தேவைப்படவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே, சிஸ்டரின் கையில், ஒரு மத்தியான நேரத்தில் மூத்தவன் பிறந்தான். ரத்தம் போகத்தான் செய்தது. ஆனால் போவதற்கு இருந்தது.

நான் பிளாஸ்க்கோடு உள்ளே போனேன். உங்கள் அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள், என்னை அல்ல.

"கட்டனா?"

சிஸ்டர் திரும்பினார். "இப்பத்தானே கஞ்சியும் குளிகையும் ஆச்சு? ஒரு மணிக்கூர் கழியட்டும்."

"கழியட்டும் சிஸ்டர்," என்றாள் உங்கள் அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளைதான். மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் எழுப்பலாம் என்றுதான் இருந்தேன். நேரம் ஆயிற்று என்று பாக்டரிச் சங்கு ஊதியது. அவளும் பிள்ளையும் ஒரே மாதிரி வாயைத் திறந்து தூங்கினார்கள். மெதுவாக அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிட்டாள்.