நாலு அளவுக்கு, இரண்டு தையலுக்கு

என் நாத்தனாரைப் பற்றி நானே ஒரு நாள் உட்கார்ந்து நல்ல விதமாக எழுதுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவரை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பேன். காலம் அப்படியே இருப்பதில்லை. எழுதுகிறேன்.

என் கணவருக்கு அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தெருவில் எல்லோருக்கும் மிஷின் அக்கா. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தபோது கையோடு கொண்டுவந்தது ஒரு தையல் மிஷின் மட்டும்தான். ஏன் வந்தார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த மிஷின் ஹாலில் ஜன்னலோரமாக உட்கார்ந்தது. அதற்கு நாலு வருடம் கழித்து நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்தேன்.

இருபத்தாறு வருடம் அந்த மிஷினோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். சாப்பாட்டில் நூல் வரும். சோபாவில் உட்கார்ந்தால் குண்டூசி குத்தும். மத்தியானம் கண்ணை மூடினால் டக்டக்டக் என்று காதுக்குள்ளேயே தைப்பார். வாசலில் பெல் அடித்துவிட்டால் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அண்ணி, கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" பாதி தைத்த சட்டையை அப்படியே சுருட்டுவார், மிஷின் தலையை மடக்கி மூடியைப் போடுவார், மாடிப்படிக்குக் கீழே தள்ளுவார், தானும் உள்ளே போய்விடுவார். வந்தவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து தைப்பார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

போன வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நூற்று நாற்பது செட் சீருடைக்கு ஆர்டர் வந்தது. அவர் கைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். துணிக் கட்டுகள் வந்து இறங்கியதும் ஹாலில் டிவி மறைந்துபோனது. என் கணவர் டிவி இல்லாமல் வாழ முடியாதவர். "பின்னால ஒரு ஷெட் போட்டுடலாம்க்கா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் வந்தார். வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே, பத்தடிக்குப் பன்னிரண்டு அடியில், இரும்புக் குழாய் சட்டம் நிறுத்தித் தகரம் அடித்துக் கொடுத்தார். ஜன்னல் ஒன்று, பூட்டுப் போட்ட கதவு ஒன்று. சாவி கைக்கு வந்த அன்று அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கென்று ஒரு கதவு. அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க வந்தால்கூடப் பூட்டிவிட்டுத்தான் வருவார். உள்ளே நூல்கண்டைத் தவிரத் திருட ஒன்றுமில்லை. நான் ஹாலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன்.

மூன்றாவது வாரம் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. எல்லையிலிருந்து மூன்று அடி விட வேண்டும், விடவில்லை, பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் ஷெட் அகற்றப்படும் என்று எழுதியிருந்தது. புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஸ்கேல் சார்.

ஸ்கேல் சார் கட்டட வரைபடம் போடும் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஸ்டீல் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடுவதற்குக்கூட டேப்பை இழுப்பார். கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு அரை இஞ்ச் என்பது உயிர் போகிற விஷயம். எங்கள் ஷெட் எழும்பிய பிறகு அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் வெளிச்சம் குறைந்துவிட்டது என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாதிக் கோபம் அண்ணிக்காக, பாதி என் ஹாலுக்காக. என் கணவர் ஷெட்டுக்குள் போய் அண்ணியின் அளவு டேப்பை எடுத்துவந்து, தகரத்திலிருந்து மதில்வரை பிடித்துப் பார்த்தார். கச்சிதமாக முப்பத்தாறு இஞ்ச். மூன்று அடி. போதாதா எங்களுக்கு? வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

"சார், பெரிய மனுஷர் நீங்க. இப்படிப் பொய்ப் புகார் குடுக்கலாமா?" என்று ஆரம்பித்தவள் நான்தான். நான் வாயெடுத்தால் சுலபத்தில் மூடமாட்டேன். ஒரு பொம்பளை உழைத்துச் சாப்பிடுவது பொறுக்கவில்லையா என்றேன். மதிலுக்கு மேலே நாலைந்து தலைகள் முளைத்துவிட்டன. பார்க்க ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு இன்னும் நன்றாக வரும்.

ஸ்கேல் சார் படியிறங்கினார். சந்துக்குள் வந்து ஸ்டீல் டேப்பை இழுத்து, பொத்தானை அழுத்திப் பூட்டி, எங்கள் மூக்குக்கு நேராக நீட்டினார். முப்பத்திரண்டு.

"உங்க டேப் சரியில்லை" என்றார் என் கணவர்.

"என் டேப்பா?" என்றார் ஸ்கேல் சார். பெற்ற பிள்ளையைத் திட்டியதுபோல அவர் முகம் மாறிவிட்டது.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். வந்தவர் ஸ்கேல் சாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தம்பி கையில் தொங்கிய தன் டேப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த டேப்பின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் தொழில் ஆரம்பித்தபோது வாங்கிய டேப் அது. நுனியைப் பிடித்துப் பிடித்து முதல் இஞ்ச் நைந்துபோனது, கத்தரித்துவிட்டார். பிறகு இரண்டாவது போனது. இப்படியே போய் இப்போது டேப் நாலில்தான் ஆரம்பிக்கும். புதிது வாங்கச் சொன்னால் கை பழகிவிட்டது என்பார். நாற்பது என்று டேப் காட்டினால் மனசுக்குள் நாலைக் கழித்து முப்பத்தாறு என்று நோட்டில் எழுதுவார். ஊரில் பாதிப் பேர் உடம்பை அப்படித்தான் அளந்திருக்கிறார். ஒரு சட்டைகூடத் தப்பாய்ப் போய்த் திரும்பி வந்ததில்லை. ஷெட் போட்ட அன்று வெல்டர் தன் டேப்பை வேறு வேலை நடந்த இடத்தில் மறந்துவிட்டு, "அக்கா, உங்க டேப்பைக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். இவர் தையலிலிருந்து தலையைத் தூக்காமலே ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறார். நாலைக் கழிக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லையே.

அண்ணி பேசாமல் இருந்திருந்தால் நான் அந்தச் சண்டையை இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அண்ணி டேப்பை வாங்கி நுனியை ஸ்கேல் சாரிடம் காட்டினார்.

"நாலு இஞ்ச் குறையுது சார். நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது."

மதில்மேல் முளைத்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன். ஸ்கேல் சாருக்கு ஜெயித்த சந்தோஷம்கூட வரவில்லை. அப்படி ஒரு டேப்பை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

வெல்டரை வரவழைத்தோம். அவர் தலையைச் சொறிந்தார். "நாலு இஞ்ச்சுக்காக மொத்தத்தையும் பிரிக்கணும்க்கா. பிரிச்சுத் திரும்ப நிறுத்த ஒரு மாசம் ஆயிடும்." பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. எண்பது செட் பாக்கி. அண்ணி அன்று சாப்பிடவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனால் மறு வருடம் யார் நம்பிக் கொடுப்பார்கள்? ஷெட்டும் போய்விட்டால் மிஷின் திரும்ப மாடிப்படிக்குக் கீழேதான். எனக்கு அதை நினைத்துப் பயமாக இருந்தது. அவருக்கு என்னைவிட அதிகமாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் நான் துணி காயப்போடப் போனபோது, அண்ணி ஷெட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வாயில் நாலு குண்டூசி. போட்டுப் பார்க்க வந்தவரின் சட்டையை இடுப்பில் பிடித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி இரண்டு விரலால் தகரத்தின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். அலை அலையாக நெளிந்த ஒரு தகரத்தின் மேல் அடுத்த தகரம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும் இடம் அது. பிறகு வெல்டருக்கு ஆள் அனுப்பினார்.

"இந்த ஷீட்டு மேல அந்த ஷீட்டு எவ்வளவு ஏறியிருக்கு?"

"ஒரு அலைக்கா."

"ஒரு அலை எத்தனை இஞ்ச்?"

"மூணு."

"ரெண்டு இடத்துல இன்னும் ஒரு அலை ஏத்தி விட்டா?"

வெல்டர் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தார். "ஆறு இஞ்ச் உள்ள வந்துடும்."

"அவ்வளவுதான். லூஸா இருக்கற சட்டையை யாராவது பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசா தைப்பாங்களா? ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கணும். மதில் பக்கத்துச் சுவரை மட்டும் கழட்டி உள்ள தள்ளி நிறுத்து."

"நாலு போதுமேக்கா. ஷீட்டை நாலு இஞ்ச் வெட்டிடறேன். இடம் மிச்சமாகும்."

"வெட்டினா வெட்டினதுதான். உள்ளயே மடிச்சு விடு. நாலு அளவுக்கு, ரெண்டு தையலுக்கு."

அளவு எடுக்க நல்ல டேப் வேண்டும். அண்ணி நேராக மதிலுக்குப் போய், "சார், உங்க டேப் கொஞ்சம் வேணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புகார் கொடுத்தவரிடமே போய்க் கேட்க எனக்கெல்லாம் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் தைரியம் வராது. ஸ்கேல் சார் டேப்பை யார் கையிலும் கொடுக்கிறவர் இல்லை. அதனால் அவரே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி தையல் சாக்குக்கட்டியால் தகரத்தில் நீலக் கோடு போட்டார். எங்கே அவிழ்க்க, எங்கே ஏற்ற, எங்கே குழாயை அறுக்க என்று வெல்டருக்கும் ஸ்கேல் சாருக்கும் பாடம் நடந்தது. "கோடு நேரா இருக்கும்மா" என்றார் ஸ்கேல் சார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வேலை மூன்று நாள் நடந்தது. திருகாணிகளைக் கழற்றிப் பக்கச் சுவரைச் சட்டத்தோடு உள்ளே நகர்த்தினார்கள். கூரைத் தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று இன்னொரு அலை ஏறின. நீட்டிக்கொண்டிருந்த குழாயை வெல்டர் அறுத்தெடுத்தார். அந்த மூன்று நாளும் மிஷின் திரும்ப ஹாலுக்கு வந்தது. அண்ணி என் புதுத் திரைச்சீலையைக் கவனமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து தைத்தார். ஒரு நாள் பெல் அடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கை தானாக மிஷின் மூடிக்குப் போய்விட்டது. வந்தவர் வெல்டர், ஒரு வாய் தண்ணீர் கேட்டு வந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாவது நாள் நகராட்சி ஓவர்சியர் வந்தார். அண்ணி அதற்கு முந்தின நாளே ஷெட்டுக்குத் திரும்பிவிட்டார். கடைசிப் பன்னிரண்டு செட் மட்டும் பாக்கி. வெளியே என்ன நடந்தாலும் உள்ளே டக்டக்டக் நிற்கவில்லை.

ஓவர்சியர் சுவரிலிருந்து மதிலுக்கு அளந்தார். முப்பத்தெட்டு. "ரெண்டு இஞ்ச் கூடவே இருக்கு" என்று பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஸ்கேல் சார். "விதிப்படி கூரை விளிம்புல இருந்து அளக்கணும். அன்னைக்குச் சுவரே பத்தலை. அதனால கூரையைப் பத்திப் பேச வேண்டியிருக்கலை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்று நாள் டேப் பிடித்துக் கூடவே நின்ற மனிதர் கடைசியில் இப்படிக் காலை வாரலாமா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டுமென்று செய்வதாகவும் தெரியவில்லை. விதி என்றால் அவருக்கு விதிதான். கூரைத் தகரம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓவர்சியர் ஸ்டூல்மேல் ஏறி, விளிம்பிலிருந்து அளந்தார். டேப்பின் மறுமுனையை வழக்கம்போல ஸ்கேல் சார்தான் பிடித்திருந்தார். அவர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"முப்பத்தாறு" என்றார். "மூணு அடி. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

வெல்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் வெட்டப் பார்த்த தகரமும், வெட்ட வேண்டாம் என்று விட்ட இரண்டு இஞ்ச்சும் இரண்டு பேர் கண்ணிலும் ஓடின. நாலோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே ஷெட் போயிருக்கும். முப்பது வருடமாக எந்தத் துணியிலும் தையலுக்கு என்று கொஞ்சம் விட்டே வெட்டிய கை, தகரத்திலும் விட்டிருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மதில் பக்கம் பார்த்தேன். அன்றைக்கு இறங்கிப்போன தலைகள் எல்லாம் திரும்ப முளைத்திருந்தன. நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓவர்சியர் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டு, "அம்மா, வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கதவைத் தட்டினார்.

பழக்கதோஷம், என் வாய்க்குள் "அண்ணி, கொஞ்சம் எடுத்துக்கறீங்களா" என்று வந்துவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. அவர் கை மூடிப் பக்கமே போகவில்லை. துணியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க சார். இந்த ஓரம் முடியட்டும், வந்துடறேன்" என்றார்.

அது நீளமான ஓரம். ஓவர்சியர் கையில் காகிதத்தோடும், ஸ்கேல் சார் இடுப்பில் டேப்போடும், அந்த மூன்றடிச் சந்தில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்று காத்திருந்தார்கள். வாய்க்குள் வந்ததை விழுங்கிவிட்டு நானும் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.