கூரை வரை ஒரு சுவர்

வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து மிதித்த சேற்றில் ஓர் உருண்டை எடுத்து, சடையன் தன் பாதத்தின் மேலேயே போட்டுப் பார்க்கிறார். "வலிச்சா தண்ணி பத்தல. வழிஞ்சா தண்ணி கூட. ரெண்டும் இல்லேன்னா செவுத்துக்கு ஆகும்." வலித்தது போலும், ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றி மறுபடி மிதிக்கிறார்.

இலங்கையில் அரநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சுவர் வேலை இந்த இரண்டு மாதமாகத்தான். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை வெறும் வெளி. ஒரு வீட்டுப் புகையும் சண்டையும் இருமலும் வரிசையாக எல்லா வீட்டுக்கும் போய்வரும். அந்த இருமலைப் பற்றித் தோட்டத்துத் துரைக்கு எழுதியவன், இங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரான நான்தான். துரை வெளியை அடைக்கச் சொன்னார். செங்கல் வாங்கச் சொல்லவில்லை. அதனால் சடையன் ஃபாக்டரிக்குப் பின்னால் கிடந்த உடைந்த பெட்டிப் பலகைகளையும் தகரப் பட்டைகளையும் சட்டத்துக்குப் பொறுக்கினார். கீழே சிங்களக் கிராமத்து வயல்களில் "பிதுரு டிக்கக் தென்ட" என்று பல்லைக் காட்டி வைக்கோல் வாங்கி வந்தார்.

இந்தச் சுவரைத் தனியாள் வைக்க முடியாது. சட்டத்தில் கட்டிய மூங்கில் பிளாச்சுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மண்ணை அப்பி அழுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு மண்ணும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர்களே மறுபக்கத்து ஆள். "என்னா, கொழந்த கன்னத்தயா தடவுற? அமுக்கு!" என்று சடையன் திட்டுவார்.

இருபத்துமூன்று சுவர்கள் முடிந்துவிட்டன. மிச்சம் ஒன்று, அவருடைய காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது. அடுத்ததில் கொழுந்து பறிக்கும் சிட்டம்மா தனியாக இருக்கிறாள். அவள் புருஷன் நாலு வருஷத்துக்கு முன் இந்தியாவிலிருக்கும் ஊருக்குக் கப்பலேறினான். இருக்கிறான் என்றும் கடிதமில்லை, இல்லை என்றும் கடிதமில்லை. தாலி இன்னும் கழுத்தில்தான். சடையனுக்கு மனைவி இறந்து ஒன்பது வருஷம். வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். அடுப்பு மூட்டும் நேரத்தில் மட்டும் சுவருக்கு மேலால் பேச்சு வரும். முறை சொல்லி அழைப்பதில்லை.

"அந்தப் பக்கம் என்னா கொழம்பு?"

"ரொட்டியும் சம்பலுந்தான். அங்க?"

"பருப்பு. கொஞ்சம் தீஞ்சு போச்சு."

"வாடை வந்துச்சு, வந்துச்சு."

அவ்வளவுதான். இதற்காக அந்த மனுஷன் மலையிலிருந்து என்ன வேகத்தில் இறங்குகிறார் என்று நான் பார்த்திருக்கிறேன்.

பத்து நாளாக வைக்கோல் தீர்ந்தது, மண் இன்னும் ஊறவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது என்று நாளைக் கடத்தினார். முதுகுக்கு என்னிடம் தைலமும் வாங்கினார்; பூசவில்லை. கடைசியில் கங்காணி லயத்து வாசலில் வந்து சத்தம் போட்டார். "சனிக்கெழம பெரிய டாக்டர் வாராரு. அதுக்குள்ள அடைக்கலேன்னா நீ ஆத்தோர லயத்துக்குப் போயிரு. வேற ஆளு வந்து அடைப்பான்." ஆற்றோர லயம் மூன்று மைலுக்கு அப்பால்.

கங்காணி போனதும் சடையன் என்னிடம் வந்தார். "ஐயா, செவுரு கூரை வரைக்கும் போனா சத்தம் கேக்குமா?"

வைக்கோல் மண் சத்தத்தை விழுங்கிவிடும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். கேட்காது என்று தலையாட்டினேன்.

"அப்ப இருமலும் கேக்காது. அவங்களுக்கு ஒரு காய்ச்சல் கண்டா எனக்கு எப்பிடிங்க ஐயா தெரியும்?"

துரைக்கு எழுதிய அந்தக் கடிதத்தை அன்று மனதாரச் சபித்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் அவர் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் ஏறினார். அந்தப் பக்கம் சிட்டம்மாவும் ஒன்றின் மேல் ஏறினாள். நான் வாசலில் நின்றேன். மண் மேலே மேலே ஏறிப் போனது. கூரையடியில் உள்ளங்கை அளவு ஓட்டை மிஞ்சியது. சடையன் அதில் மண்ணை வைத்துக் கையால் பொத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து சிட்டம்மா அழுத்தினாள். அவர் விரலிடுக்குகளில் ஈர மண் பிதுங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் பிதுங்குவது நின்றது; ஓட்டை அடைபட்டுவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்று வெளியிலிருந்து கங்காணி கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றார் சடையன், கையை எடுக்காமல்.