இலங்கை தவிர

அகதியாக ஏற்றுக்கொண்ட பிறகு இந்த நாடு எனக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பயணப் புத்தகம் தந்தது. எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அதில் அச்சடித்திருக்கும். அதைக் கையில் வாங்கிய அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் வீடு, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அவசரமாக ஊருக்குப் போக எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

போன மாரியில் வன்னியிலிருந்து மச்சாள், என் தம்பியின் மனைவி, போன் எடுத்தாள்.

"மச்சாள், இவர் ஒரு மாதிரி இருக்கிறார். சாப்பாடு இல்லை. சைக்கிளைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில குடுத்திட்டார். இனி எனக்கென்னத்துக்கு எண்டு சொன்னவராம்."

சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்தபின் துண்டு துண்டாகச் சாமான் வாங்கித் தானே பொருத்திய சைக்கிள் அது. ஒருவரையும் தொடவிடமாட்டான். "அவனிட்டக் குடு" என்றேன். "நித்திரை எண்டு சொல்லு" என்று அவன் குரலே பின்னால் கேட்டது.

கடைசிச் சண்டையில் அவனுடைய மூத்த மகள் ஷெல் பட்டுச் செத்துப்போனாள். பத்து வயது. தன் கையாலேயே புதைத்துவிட்டு, கைக்குழந்தையாக இருந்த மற்றவளைத் தூக்கிக்கொண்டு நடந்தவன். அதன்பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி அவன் ஒரு சொல் கதைத்ததில்லை.

நான் போகப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சரும், அங்க போய் இறங்கினால் என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ? இஞ்ச இருக்கிற விசாவும் போயிடும். பிள்ளையளை என்ன செய்யிறது?"

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே அவரோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். வேலையில் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குளிர் அறையில் நின்றபடி, கொழும்புக்குப் போகிற விமானத்துக்கும் தட்டு அடுக்கினேன். லாக்கருக்குள் போன் அடித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். ஷிப்ட் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இராது. அதுவும் பயம்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். "விசர், பைத்தியம் எண்டு ஊர் கதைக்கும் மச்சாள். பிறகு மகளுக்கு ஆர் கலியாணம் பேசுவினம்?" என்று மச்சாள் அழுதாள். நானும் கத்தினேன். கடைசியில் அவனுக்குச் சொல்லாமல் அவள் மட்டும் மனநலக் கிளினிக்குக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை மச்சாளின் போனிலேயே எனக்கு எடுத்தது.

"அக்கா, அவர் உங்களோடதான் மனம் விட்டுக் கதைப்பாராம். சாக யோசிக்கிறாரோ எண்டு நீங்கள் கேக்க வேணும்."

"ஐயோ பிள்ளை, இல்லாத நினைப்பை நானே போட்டிடுவன்."

"கேக்கிறதால வராது அக்கா. சுத்தி வளைக்காமல் கேளுங்கோ. ஓம் எண்டு சொன்னால் பயந்து போனை வைச்சிடாதேங்கோ. கதைச்சுக்கொண்டிருங்கோ, எங்களுக்குச் சொல்லுங்கோ, வருவம்."

வீட்டிலிருந்த, தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்துகளை அகற்றும்படியும் அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. மச்சாள் அன்றைக்கே எல்லாவற்றையும் தன் அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அவனுடைய போனுக்கு எடுத்தபோது அவனே தூக்கினான். மச்சாளும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, நீ சாக யோசிக்கிறியோ?"

அவன் பக்கத்தில் கோழி கொக்கரித்தது.

"ஓம் அக்கா."

"இண்டைக்கோ?"

"அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

கையைக் காட்டிக் கணவரைக் கூப்பிட்டேன். முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் மச்சாளுக்கும் கிளினிக்குக்கும் எடுத்தார். எனக்கு இருக்கவும் ஏலவில்லை, அந்த இடத்தை விட்டு அசையவும் ஏலவில்லை. என் கையில் அவனுடைய குரல் மட்டும்தான் இருந்தது.

"எப்ப இருந்து இப்பிடி?"

"முன் வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது. மூத்தவளோட ஒண்டாப் படிச்சவள். பந்தல் போட நான்தான் போனன். அதுக்குப் பிறகு ஒண்டும் ஏலாமல் கிடக்கு." பிறகு சொன்னான், "அவளைப் புதைச்ச இடம் எதெண்டு இப்ப எனக்கு மட்டுக்கட்டத் தெரியேல்லை அக்கா. ரெண்டு தரம் போய்ப் பாத்தனான். எல்லாம் பத்தை மண்டிக் கிடக்கு."

அவன் அழுதான். அழாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "சொல்லு" என்றேன். அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கனநேரத்துக்குப் பிறகு நாய் குரைத்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது.

"ஆரோ வருகினம்."

"நான்தான் வரச் சொன்னனான்."

"ஏன் அக்கா?"

"என்னால வரேலாது. அதுதான்."

கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்தார்கள். இப்போது குளிசை மருந்து, மாதாமாதம் கிளினிக். அந்தப் பிள்ளை இடைக்கிடை வீட்டுக்கும் போய்ப் பார்க்கிறது. சுகம் என்று சொல்ல முடியாது. சில நாள் கதைப்பான், சில நாள் ம் கொட்டுவான். எனக்கும் நித்திரை போய்விட்டது. இங்கே என் டாக்டரிடம் சொன்னேன். கவுன்சிலிங்குக்குப் பதிந்திருக்கிறார்கள், இன்னும் கூப்பிடவில்லை.

போன ஞாயிறு காலையிலிருந்து எடுத்தும் அவன் தூக்கவில்லை. மச்சாளின் போனும் வேலை செய்யவில்லை. நான் மாடிப்படியில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிள்ளைகள் என்னைத் தாண்டி ஏறி இறங்கினார்கள். மத்தியானம்தான் திருப்பி எடுத்தான்.

"இப்பதான் கரண்ட் வந்தது அக்கா. போனில சார்ஜ் இருக்கேல்லை."

வாயில் வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மழை கூடிப்போச்சு, மிளகாய்க் கண்டெல்லாம் வேர் அழுகப்போகுது என்று அவன் தன்பாட்டில் சொல்லத் தொடங்கினான்.